மூங்கிலில் யர்ட் கட்டுவது எப்படி: முதன்முறை இறங்குபவர்களுக்கு

மூங்கிலில் நேராக ஆணி அடித்தால் நார்வாக்கில் பிளந்துகொண்டே போகும். மூங்கில் வேலைக்குப் புதிதாக வரும் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். யர்ட் என்ற வட்டக் கூடாரத்தின் சட்டகத்திலோ ஆணிக்கு வேலையே கிடையாது. துளை, கயிறு, முடிச்சு, செருகல், இவ்வளவுதான். மங்கோலியர்களும் கசாக், கிர்கிஸ் மக்களும் மேய்ச்சலைத் தேடிப் பெயர்ந்துகொண்டே இருந்தவர்கள். சில மணி நேரத்தில் கழற்றி, விலங்கின் முதுகில் ஏற்றி, அடுத்த இடத்தில் மறுபடி நிறுத்த ஒரு வீடு அவர்களுக்கு வேண்டியிருந்தது. அவர்கள் கையில் இருந்தவை வில்லோ, பிர்ச், லார்ச் போன்ற குளிர்நாட்டு மரங்கள். மூங்கில் வைத்திருப்பவர்களுக்கு அதே அமைப்பு இன்னும் சுலபமாகவே அமையும். மரக்குச்சிகளை ஆவியில் வாட்டி வளைக்க வேண்டும். மூங்கிலைப் பிளந்தெடுத்த பட்டை, அதாவது பிளாச்சு, தானாகவே வளைந்து கொடுக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யர்டை நிறுத்துவது அரை நாள் வேலை. அதற்கு மூங்கிலைத் தயார் செய்வது மூன்று மாத வேலை. பெரும்பாலும் பொறுமை தீர்ந்துபோவது ஊறவைத்துக் காயவைக்கும் இடத்தில்தான். ஆகவே அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என்ன கட்டப் போகிறோம்

கீழே வரும் அளவுகள் எல்லாம் 4 மீட்டர் விட்டமுள்ள யர்டுக்கானவை. சுவர் உயரம் 1.5 மீட்டர். நடு உச்சி ஏறத்தாழ 2.4 மீட்டர். தரைப்பரப்பு 12.5 சதுர மீட்டர். மூன்று நான்கு பேர் தாராளமாகப் படுக்கலாம். சட்டகம் 55 கிலோ அளவில் வரும், துணி இன்னொரு 15 முதல் 20 கிலோ. சட்டகத்தின் எந்தத் துண்டும் இரண்டேகால் மீட்டருக்கு மேல் நீளமில்லை என்பதால் சின்ன வண்டியிலேயே ஏற்றிவிடலாம்.

பாகங்கள் ஐந்து. பின்னல் சுவர், கதவு நிலை, உச்சி வளையம், சுவரையும் வளையத்தையும் இணைக்கும் கூரைக் கழிகள், சுவரின் மேல்விளிம்பைச் சுற்றிக் கட்டும் கச்சை. பார்ப்பவர்கள் முதல் நான்கைத்தான் கவனிப்பார்கள். கூடாரத்தைக் காப்பாற்றுவது ஐந்தாவது. கூரையின் எடை கழிகள் வழியாக இறங்கிச் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலைச் சுவரால் தாங்க முடியாது. கச்சைதான் தாங்க வேண்டும். 30 பாகைச் சாய்வுள்ள கூரையில் 100 கிலோ பரவலாக இருந்தால் கச்சையில் வரும் இழுவிசை சுமார் 14 கிலோதான். ஒன்றும் பெரிதில்லை. ஆனால் கச்சை இல்லையென்றால் சுவர் வெளியே சாய்ந்து கூரை தரைக்கு வந்துவிடும்.

வேலையில் இறங்கும் முன் பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரி செய்து பாருங்கள். 22 செ.மீ. நீளமுள்ள மெல்லிய கீற்றுகள், 3 செ.மீ.க்கு ஒரு துளை, தையல் நூல், ஒரு கம்பி வளையம் போதும். விளையாட்டாகத் தெரியும். ஆனால் பின்னலை விரித்தால் உயரம் குறைவதும் மடக்கினால் கூடுவதும், நூலைத் தளர்த்தியதும் கூரை உட்காருவதும் கைக்குப் பிடிபட்டுவிட்டால், பிறகு பெரிய யர்டில் எங்கே என்ன தப்பாகிறது என்று பார்த்தவுடன் தெரியும்.

மூங்கில் தேர்வு

இரண்டு வகைத் தடிமனில் மூங்கில் வேண்டும். சுவர்ப் பிளாச்சுகளுக்கு 8 அல்லது 9 செ.மீ. விட்டமுள்ள, சதையின் தடிமன் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத மூங்கில். கூரைக் கழிகளுக்கு 3 முதல் 3.5 செ.மீ. விட்டமுள்ள, வளைவில்லாத மெல்லிய மூங்கில். கல்மூங்கிலின் நுனிப்பகுதி இதற்கு அருமையாக உதவும். சதை தடித்தது, சீக்கிரம் நசுங்காது.

வயதுதான் முக்கியம். 3 வயதுக்குக் கீழே உள்ளது பச்சைப்பிள்ளை. காயும்போது சுருங்கிச் சுளுக்கிக்கொள்ளும். 3 முதல் 5 வயதுதான் சரி. இளசு பளபளப்பான பச்சையாக இருக்கும், கணுவடியில் வெள்ளைப்பொடி இருக்கும், பாளை ஒட்டிக்கொண்டிருக்கும். முற்றியதில் பச்சை மங்கி, அங்கங்கே சாம்பல்நிறப் பாசித் திட்டுகள் தெரியும். கத்தியின் பின்புறத்தால் தட்டினால் கணீரென்று கேட்கும். மிகவும் முதிர்ந்து தூற்றின் நடுவில் வெளுத்து நிற்பதையும் விட்டுவிடுங்கள், அது பலம் இழக்கத் தொடங்கியிருக்கும்.

முளை விடும் மழைக்காலத்தில் வெட்ட வேண்டாம். தூற்றுக்கும் கெடுதல், நமக்கும் கெடுதல். மூங்கிலில் மாவுச்சத்து குறைந்திருக்கும் வறண்ட காலமே நல்லது. வண்டு தேடி வருவது அந்த மாவுக்காகத்தான். நீங்களே வெட்டுவதானால் தரையிலிருந்து முதல் அல்லது இரண்டாம் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். கணுவுக்கு நடுவில் வெட்டினால் மிஞ்சும் குழியில் தண்ணீர் நின்று வேர் அழுகும்.

8 செ.மீ. மூங்கில் ஒன்றைப் பிளந்தால் சுற்றிலும் எட்டுப் பிளாச்சு கிடைக்கும். 7 மீட்டர் நீளம் இருந்தால் 2.2 மீட்டரில் மூன்று துண்டு, ஆக 24 பிளாச்சு. நமக்குத் தேவை 62. கணக்குப்படி மூன்று மூங்கில் போதும், நான்காக வாங்குங்கள். பிளக்கும்போது கோணல்மாணலாகப் போவது நிச்சயம் சில இருக்கும்.

பிளப்பது, ஊறவைப்பது, காயவைப்பது

இந்த வரிசையை மாற்றாதீர்கள். காயவைத்துவிட்டுப் பிளக்கலாம் என்று தோன்றும். பச்சையாக இருக்கும்போதுதான் மூங்கில் சுலபமாகப் பிளக்கும், மருந்தையும் நன்றாக உள்வாங்கும். வெட்டிய சில நாட்களுக்குள் இரண்டையும் முடித்துவிட வேண்டும்.

பிளப்பதற்குக் கனமான வெட்டுக்கத்தியும் மரச்சுத்தியும் போதும். முதலில் பாதி, அந்தப் பாதியைப் பாதி, அதைப் பாதி. நேராக மூன்று செ.மீ. சீவலாம் என்று தொடங்கினால் பிளவு ஒரு பக்கமாக ஓடி, ஒரு நுனி தடித்தும் மறு நுனி காணாமலும் போகும். சரிபாதியாகப் பிளக்கும்போதும் பிளவு ஒரு பக்கம் விலகலாம். அப்போது தடித்த பக்கத்தை அதிகமாக வளைத்து இழுங்கள். பிளவு அந்தப் பக்கம் திரும்பி நடுவுக்கு வந்துவிடும். இது ஒன்று கைவந்தால் பாதி வித்தை கைவந்த மாதிரி.

பிளந்ததும் உட்புறக் கணுத் தடுப்புகளைத் தட்டி எடுத்து, அகலம் இரண்டரை செ.மீ., தடிமன் 7 அல்லது 8 மி.மீ. வரும்படி சீவுங்கள். தடிமனைக் குறைக்க வேண்டியிருந்தால் உள்சதைப் பக்கம்தான் சீவ வேண்டும். வலுவான நார்கள் நெருக்கமாக இருப்பது பச்சைத்தோலை ஒட்டித்தான், அதைத் தொடக்கூடாது. பிளந்த மூங்கிலின் ஓரம் சவர பிளேடு மாதிரி வெட்டும். தடித்த கையுறை இல்லாமல் இந்த வேலையைத் தொட வேண்டாம். சீவி முடித்த ஒவ்வொன்றின் ஓரத்தையும் உப்புத்தாளால் மழுக்குங்கள். இல்லையென்றால் பிறகு கூடாரத் துணியும் கிழியும்.

அடுத்தது மருந்து. மருந்திடாத மூங்கிலை வண்டு துளைத்துச் சில மாதங்களிலேயே மாவாகக் கொட்ட வைத்துவிடும். வீட்டளவில் செய்யக்கூடியது வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் கலந்த கரைசல். 100 லிட்டர் தண்ணீருக்கு வெங்காரம் 3 கிலோ, போரிக் அமிலம் 2 கிலோ. தனித்தனியாக இவை மெதுவாகத்தான் கரையும். சேர்த்துப் போட்டால் நன்றாகக் கரையும், தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் விரைவு. செங்கல்லை நீளமாக அடுக்கி உள்ளே தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டால் தொட்டி தயார். பிளாச்சுகளை மேலே கல் வைத்து அமிழ்த்தி நான்கைந்து நாள் ஊறவிடுங்கள்.

கூரைக் கழிகள் முழுமூங்கில் என்பதால் அவற்றுக்கு வேறு கணக்கு. மூங்கிலின் தோல் மெழுகு பூசியதுபோல் இருக்கும், அதன் வழியாக ஒன்றும் உள்ளே போகாது. மருந்து போவது வெட்டுமுனை வழியாகவும் உட்சுவர் வழியாகவும்தான். எனவே நீளமான இரும்புக் கம்பியைச் செலுத்தி எல்லாக் கணுத் தடுப்புகளையும் துளைத்துவிட்டு, 10 முதல் 14 நாள் ஊறவையுங்கள். உள்ளே காற்றுக்குமிழ் நிற்காமல் அவ்வப்போது சாய்த்துவிட வேண்டும்.

இந்தக் கரைசல் மனிதர்களுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது என்றாலும் குடிக்கிற சமாச்சாரம் இல்லை. குழந்தைகளும் ஆடுமாடும் அண்டாமல் மூடி வையுங்கள். மிச்சத்தைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள். போரான் அதிகமானால் செடி கருகும். அடுத்த தவணை மூங்கிலுக்கு அதையே மறுபடி பயன்படுத்தலாம். இன்னொன்று, இந்த மருந்து மழையில் கரைந்து வெளியேறிவிடும். மேலுறைக்குள் இருக்கும் சட்டகத்துக்கு இது போதும். மண்ணில் ஊன்றி மழையில் நிற்கும் கம்பத்துக்குப் போதாது. ஆர்சனிக் கலந்த மர மருந்துகள் நீடிக்கும் என்று யாராவது சொல்வார்கள். படுத்துறங்கும் இடத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஊறியதை நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும். பிளாச்சுகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்து மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டி, சமதளத்தில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். அவிழ்த்துப் போட்டால் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். மூன்று நான்கு வாரம் ஆகும். கழிகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாமல் கொடுங்கள், வாரம் ஒருமுறை புரட்டிவிடுங்கள். காய்ந்த பிறகு ஆளிவிதை எண்ணெய் ஒரு பூச்சு கொடுத்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும், ஈரத்தையும் கொஞ்சம் தள்ளும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள்.

பின்னல் சுவர்

துளை போடுவது காய்ந்த பிறகுதான். பச்சையில் துளையிட்டுக் கட்டினால், காயும்போது சுருங்கி எல்லாக் கட்டும் தளர்ந்துவிடும்.

2.2 மீட்டர் பிளாச்சில் இரண்டு முனையிலும் 5 செ.மீ. விட்டு, நடுவே 30 செ.மீ.க்கு ஒன்றாக எட்டுத் துளை. துளை விட்டம் 5 மி.மீ. நேரான ஒரு பிளாச்சைத் தேர்ந்து, அளந்து துளையிட்டு, அதை மட்டும் அச்சாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் துளையுங்கள். ஒவ்வொன்றுக்கும் டேப் பிடித்து அளந்தால் சின்னச் சின்னப் பிசகு சேர்ந்து பின்னல் மடங்காமல் மக்கர் பண்ணும். மூங்கில் தோலில் சிலிக்கா இருப்பதால் டிரில் பிட் சீக்கிரம் மழுங்கும், இரண்டு மூன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தோல் பக்கமிருந்து துளையிட்டு, அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்தால் நார் பிய்ந்து வராது.

பின்னல் இப்படி வேலை செய்கிறது. பாதிப் பிளாச்சுகள் வலப்பக்கம் சாய்ந்தும் பாதி இடப்பக்கம் சாய்ந்தும் இருக்கும். அவை ஒன்றையொன்று கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் கயிறு. பழைய கடைகளின் இரும்பு மடக்கு கேட் மாதிரி இழுத்தால் விரியும், தள்ளினால் மடங்கும். பிளாச்சுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வரும் அளவுக்கு விரித்தால் சுவர் உயரம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல் வரும், மேல்விளிம்பில் இரண்டு பிளாச்சு கடக்கும் இடத்தில் V போல உண்டாகும் கவைகளுக்கிடையே தூரம் 42 செ.மீ. இருக்கும். அப்படி 28 கட்டங்கள் என்றால் 11.9 மீட்டர். கதவுக்கு 80 செ.மீ. சேர்த்தால் சுற்றளவு 12.7 மீட்டர், அதாவது விட்டம் 4 மீட்டர்.

இந்த 28 கட்டச் சுவருக்கு எட்டுத் துளையுள்ள முழுப் பிளாச்சு 50 வேண்டும், ஒவ்வொரு சாய்வுக்கும் 25. இரண்டு ஓரங்களும் நேராக முடிய வேண்டுமே, அதற்குக் குட்டைப் பிளாச்சுகள் 12: ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு துளையுள்ளவை, சாய்வுக்கு ஒவ்வொன்று. மாதிரி செய்து பார்த்திருந்தால் குட்டைகள் எங்கே உட்காரும் என்று யோசிக்கவே வேண்டியிருக்காது. பிளக்கும்போதே சில துண்டுகள் முனை ஒடிந்து குட்டையாகியிருக்கும். அவற்றை எறியாமல் வைத்திருந்தால் இங்கே உதவும்.

சமதரையில் ஒரு சாய்வுப் பிளாச்சுகளைத் தோல் கீழே இருக்கும்படி அடுக்குங்கள். அவற்றின் மேல் அடுத்த சாய்வை, தோல் மேலே இருக்கும்படி வையுங்கள். உள்சதைப் பக்கங்கள் ஒன்றையொன்று தொடும். இப்போது முடிச்சு. 4 மி.மீ. பாலியஸ்டர் கயிற்றின் முனையில் '8' வடிவ முடிச்சு ஒன்று போட்டு, இரண்டு துளையிலும் செலுத்தி, மறுபக்கம் இழுத்து இன்னொரு முடிச்சு, பிறகு வெட்டி முனையை நெருப்பில் உருக்கி விடுங்கள். மொத்தம் 226 இடங்கள், சுமார் 40 மீட்டர் கயிறு. அலுப்பான வேலைதான். போல்ட் போட்டால் சீக்கிரம் முடியும், ஆனால் கனம் கூடும், துருவேறும், ஒவ்வொரு முறை மடக்கும்போதும் நட்டு தளரும், இறுக்கினால் பிளாச்சு பிளக்கும். எனக்குக் கயிறுதான் பிடிக்கும். முடிச்சை மிக இறுக்கமாகப் போடாமல், பிளாச்சு திரும்ப இடம் விட்டுப் போடுங்கள்.

மடக்கிய சுவர் 17 கிலோ அளவு வரும். ஒருவர் தூக்க வசதியாக இரண்டு துண்டாகவும் செய்யலாம். அப்படியானால் ஓரங்கள் நான்காகும், குட்டைப் பிளாச்சும் இரட்டிப்பாகும்.

கதவு நிலை

இதை மட்டும் மரத்தில் செய்யுங்கள். கீல் திருகாணிகளை மூங்கில் பிடித்து வைக்காது. 7 செ.மீ.க்கு 4 செ.மீ. சட்டம், அகலம் 80, உயரம் சுவரளவு. குனிந்துதான் நுழைய வேண்டும், யர்டில் பெரும்பாலும் அப்படித்தான். கவனிக்க வேண்டியது மேல்சட்டம். கச்சையின் இரண்டு முனைகளும் நிலைக்கால்களின் தலையில்தான் வந்து நிற்கும். அவை கால்களை ஒன்றைவிட்டு ஒன்று விலக்கி இழுக்கும். அந்த இழுப்பை மேல்சட்டம்தான் தாங்குகிறது. அதனால் அந்த மூட்டில் வெறும் ஆணி போதாது, போல்ட் வேண்டும். கீழே வாசற்படிச் சட்டமும் அவசியம், இல்லையென்றால் நிலை கோணலாகும்.

உச்சி வளையமும் கூரைக் கழிகளும்

யர்ட் மரபுள்ள மக்களிடம் உச்சி வளையத்துக்குத் தனி மதிப்பு உண்டு. கிர்கிஸ்தானின் தேசியக் கொடியில் சூரியனுக்கு நடுவே இருப்பது இந்த வளையம்தான். மரபான முறையில் மரத்தை வளைத்து, துளைகளைக் குடைந்து செய்வார்கள். புதிதாகச் செய்பவருக்கு இரண்டு வழி சொல்கிறேன்.

வெல்டிங் பட்டறை பக்கத்தில் இருந்தால் இரும்பு வளையம் சுலபம். 40க்கு 5 மி.மீ. பட்டை இரும்பை 80 செ.மீ. விட்டத்தில் வளைத்து, வெளிப்புறம் சம இடைவெளியில் 30 முளைகள், 12 மி.மீ. கம்பியில் 10 செ.மீ. நீளம், 30 பாகை கீழ்நோக்கிச் சாய்த்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். ஏழு கிலோ வரும். மூங்கில் உள்ளே பொந்தாக இருப்பதால் கழியின் முனையை நேராக இந்த முளையில் மாட்டிவிடலாம். இந்த வசதி மரக்கழிக்குக் கிடையாது. கெட்டி மூங்கிலாக இருந்தால் 13 மி.மீ. துளை போட்டுக்கொள்ளுங்கள். மாட்டும் முனையில் வாயிலிருந்து 12 செ.மீ. தூரத்தில் ஒரு கணு வரும்படி வெட்டி, வாயருகே ஒரு ஹோஸ் கிளிப்பை (குழாயைச் சுற்றி இறுக்கும் உலோகப் பட்டை) இறுக்குங்கள். முனை பிளப்பதற்கு வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

இரும்பு வேண்டாம் என்றால் 18 மி.மீ. பிளைவுட்டில் வெளிவிட்டம் 80, உள்விட்டம் 60 செ.மீ. வளையங்கள் நான்கை ஒட்டி அடுக்குங்கள். வெளி விளிம்பில் 25 மி.மீ. துளைகள் 30, உள்நோக்கி மேலேறும் சாய்வில் 6 செ.மீ. ஆழம். மூன்று அடுக்கோடு நிறுத்தினால் துளை மேல்பக்கம் பீறிக்கொண்டு வரும். சாய்வைக் கண்ணளவில் பிடிக்காமல், 30 பாகையில் அறுத்த மரக்கட்டை ஒன்றை டிரில்லுக்குத் துணையாக வைத்துத் துளையிடுங்கள்.

கூரைக் கழிகள் 30. சுவரின் கவைகளில் 27, நிலைக்கால் இரண்டின் மேல் ஒவ்வொன்று, கதவின் மேல்சட்ட நடுவில் ஒன்று. நீளம் 2 மீட்டர். பிளைவுட் வளையமானால் 6 செ.மீ. கூட்டி, செருகும் முனையைத் துளைக்குப் பொருந்தச் சீவிக்கொள்ளுங்கள். கீழ்முனையில் 10 செ.மீ. விட்டு ஒரு துளை போட்டு, அதில் சின்னக் கயிற்று வளையம் கட்டிவிடுங்கள். இந்த வளையம் கவையில் மாட்டிக்கொண்டு கழி வெளியே வழுக்காமல் பிடிக்கும். எல்லா வளையமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உச்சி கோணலாக உட்காரும். கழியில் வெட்டு போட்டு உட்கார வைக்கலாமே என்று தோன்றலாம். மூங்கிலில் வெட்டு போட்ட இடம் பிளவு தொடங்கும் இடம்.

நிறுத்துவது

மூன்று பேர் இருந்தால் நிதானமாகச் செய்யலாம். மேடான, நீர் தேங்காத இடம். நடுவில் முளையடித்து இரண்டு மீட்டர் கயிறு கட்டி வட்டம் போடுங்கள். பலமான காற்று வழக்கமாக வரும் திசைக்குக் கதவு முதுகு காட்ட வேண்டும். வட்டத்தின் மேல் தட்டையான கல்லோ செங்கல்லோ வரிசையாக வையுங்கள், பிளாச்சின் கால் எதுவும் மண்ணைத் தொடக்கூடாது. மண்ணில் நேரடியாக நிற்கும் மூங்கில் ஓரிரண்டு ஆண்டில் அழுகத் தொடங்கிவிடும்.

நிலையை நிறுத்தி ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் பின்னலை வட்டத்தின் மேல் விரித்துக்கொண்டே வந்து நிலைக்கால்களில் கட்டுங்கள். சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் உயரம் பாருங்கள். ஓரிடத்தில் உயரமும் ஓரிடத்தில் பள்ளமுமாக இருந்தால் உயரமான இடத்தை இழுத்து விரியுங்கள். நான்கு திசையில் குறுக்களவும் ஒன்றாக வர வேண்டும்.

அப்புறம் கச்சை. ஐந்து செ.மீ. அகலப் பாலியஸ்டர் நாடாவும், அதை இழுத்து இறுக்கும் ராட்செட்டும் நல்ல ஜோடி. நைலான் வேண்டாம், ஈரத்திலும் பாரத்திலும் நீளும். சுவரின் வெளிப்புறம், மேல் முடிச்சு வரிசையை ஒட்டி நாடா போக வேண்டும்; மூன்று கவைக்கு ஒருமுறை சின்னக் கயிற்றால் கட்டிவிடுங்கள், கீழே நழுவாது. கச்சை இறுகும்வரை கூரையில் கை வைக்காதீர்கள்.

வளையத்தை ஒருவர் ஏணிப்படியில் நின்று தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். மற்ற இருவரும் முதலில் சம தூரத்தில் மூன்று கழிகளைச் செருகி, கீழ்முனையைக் கவையில் மாட்டுங்கள். வளையம் தானாக நிற்கும். ஆனாலும் ஆறு கழி ஏறும்வரை பிடித்தவர் கையை எடுக்கக் கூடாது. மிச்சத்தை எதிரெதிராகச் செருகிக்கொண்டு வாருங்கள். ஒரே பக்கமாக நிரப்பினால் வளையம் அந்தப் பக்கம் தள்ளப்படும்.

மேலுறை

கித்தான் துணி மூச்சு விடும், உள்ளே வியர்க்காது. ஆனால் கனம், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை. பிவிசி பூசிய தார்ப்பாய் ஒரு சொட்டு விடாது, காலையில் உள்பக்கம் நீர் கோத்திருக்கும். மலிவான பிளாஸ்டிக் விரிப்பு வெயிலில் சீக்கிரமே நொறுங்கும். கூரைக்குத் தார்ப்பாய், சுவருக்குக் கித்தான் என்று கலந்து போடுவதே என் பரிந்துரை.

கூரைத் துணியை வெட்டுவதில் பலரும் குழம்புவார்கள். தரையில் 2.53 மீட்டர் ஆரமுள்ள முழுவட்டம் வரையுங்கள், இதில் 20 செ.மீ. இறவாணம் அடக்கம். நடுவில் 40 செ.மீ. ஆரத்தில் ஓட்டை. பிறகு வட்டத்திலிருந்து 48 பாகையில் ஓர் ஆப்பை வெட்டி எடுங்கள்; வெளி விளிம்போடு அளந்தால் இது 2.1 மீட்டர். ஓரங்களைச் சேர்த்துத் தைத்தால் 30 பாகைச் சாய்வுள்ள கூம்பு வந்துவிடும். தையலுக்கு மூன்று செ.மீ. கூடுதலாக விட மறக்காதீர்கள். சுவருக்கு 12.3 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம். கழிகளின் வெளிமுனைகளை உருட்டி மழுக்கிவிட்டுத்தான் துணியைப் போட வேண்டும்.

வளையத்தின் மேல் ஒளிபுகும் தடித்த பிளாஸ்டிக் மூடி, ஒரு பக்கம் திறக்கும்படி. வெப்பமான இடத்தில் சுவர்த் துணியின் அடியை முழங்கால் உயரம் சுருட்டிவிட்டு மூடியைத் திறந்தால், சூடான காற்று மேலே போகக் குளிர்ந்த காற்று கீழே நுழையும். உள்ளே அடுப்பு மூட்டாதீர்கள். புகைபோக்கியும் தீத்தடுப்பும் சரியாக அமைத்த யர்டுகள் உண்டு. அது தனி வேலை, முதல் யர்டில் வேண்டாம்.

காற்றும் தண்ணீரும்

வட்ட வடிவம் காற்றுக்கு அதிகம் எதிர்ப்புக் காட்டாது என்பது உண்மை. மூங்கில் யர்ட் லேசானது என்பதும் உண்மை; கட்டி வைக்காவிட்டால் எழும்பிவிடும். கச்சையிலிருந்து எட்டு இடத்தில் கயிறு இறக்கி, 50 செ.மீ.க்குக் குறையாத முளைகளில் கட்டுங்கள். முளையின் தலை கூடாரத்தை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மங்கோலியர்கள் புயற்காற்றின்போது உச்சி வளையத்திலிருந்து கயிறு தொங்கவிட்டு அதில் கனம் கட்டுவார்கள். ஒரு மணல் மூட்டை போதும். சுவர்த் துணிக்கு வெளியே இரண்டு சுற்றுக் கயிறு. புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் வீரம் வேண்டாம், கழற்றி விடுங்கள். கழற்றுவதற்காகவே கட்டியதுதானே.

கனமழை பெய்யும் இடமானால் கூரைச் சாய்வை 35 பாகையாக்குவது நல்லது. கழி நீளமும் துணி அளவும் மாறும் என்பதால் முதலிலேயே முடிவெடுங்கள். சுற்றிலும் ஒரு சாண் ஆழ வாய்க்கால் வெட்டி, சரிவுப் பக்கம் திறந்துவிடுங்கள். பனி கொட்டும் ஊருக்கு இந்தத் தடிமன் கழிகள் போதாது.

இவ்வளவு வேண்டாம் என்றால்

இரண்டு மூன்று இரவுக்கு ஒதுங்க ஓர் இடம் மட்டும் போதும் என்பவர்கள் இத்தனை துளை போட வேண்டியதில்லை. 5 மீட்டர் நீளமுள்ள பிளாச்சு பத்துப் பன்னிரண்டு எடுத்து, 3 மீட்டர் வட்டத்தில் எதிரெதிரே ஊன்றி அரைவட்டமாக வளைத்து, குறுக்காகக் கடக்கும் இடங்களைக் கயிற்றால் கட்டினால் ஒன்றரை மீட்டர் உயரக் குமிழ்க் கூடாரம் கிடைக்கும். மேலே ஒரு தார்ப்பாய். இதற்குப் பச்சைப் பிளாச்சே போதும், நன்றாக வளையும். நீடிக்காது, அவ்வளவுதான்.

கழற்றி எடுத்து வைப்பது

நிறுத்திய வரிசைக்குத் தலைகீழாகக் கழற்ற வேண்டும். கச்சை கடைசிக்கு முந்தியது, கழிகள் எல்லாம் இறங்கிய பிறகுதான் அதைத் தளர்த்தலாம். துணி முழுக்கக் காயாமல் மடிக்காதீர்கள். மழையில் கழற்ற நேர்ந்தால் அடுத்த வெயிலில் விரித்துவிடுங்கள். பிளாச்சுக் கட்டையும் கழிக் கட்டையும் தரையில் படாமல், கிடைமட்டமாக, காற்றோட்டமான கூரைக்கடியில் வையுங்கள். சாய்த்து வைத்தால் வளைந்துபோகும்.

முதல் பருவம் முழுவதும் மாதம் ஒருமுறை உள்ளே சுற்றிவந்து பாருங்கள். மூங்கிலுக்கு அடியில் வெள்ளை மாவு சிந்தியிருந்தால் வண்டு நுழைந்திருக்கிறது; அந்தத் துண்டை உடனே எடுத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். இதற்காகவே ஐந்தாறு பிளாச்சும் மூன்று கழியும் மருந்திட்டுத் துளையிட்டுக் கூடுதலாக வைத்திருக்க வேண்டும். கச்சை புதிதில் கொஞ்சம் தளரும். முதல் வாரத்தில் தினமும் ராட்செட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்து இறுக்குங்கள்.